பத்தாயிரம் விளையாட்டு விற்கலாமா?



நமது இதழில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் எடை அளவு முத்திரை, கடை வாடகை, உரிமக் கட்டணம் சம்பந்தப்பட்டவை. இந்த மாதம் ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். பேரன் பேத்தி எடுத்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்தப் பெட்டியில் கைமுதல் போட்டு நஷ்டப்பட்டவன் நான். நஷ்டப்பட்டவன் பேசினால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது நம் தெருவின் வழக்கம்.

பெட்டி என்று நான் சொல்வது, வீட்டில் வைத்து நின்றபடி ஆடும் பழைய காலத்து வீடியோ கேம் கேபினட். ஆளுயர மரக்கூடு. முகத்துக்கு நேரே திரை. இடுப்புக்கு மேலே ஒரு பலகை, அதில் கைப்பிடியும் கலர் கலராகப் பட்டன்களும் இருக்கும். ஒரு காலத்தில் பொருட்காட்சியிலும் பெரிய ஊர்களின் வீடியோ கேம் கடைகளிலும் காசு போட்டு ஆடிய அதே பெட்டிதான். அன்று சட்டைப்பையில் காசில்லாமல் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த பையன்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. கையில் பணமும் இருக்கிறது, சொந்த வீட்டில் ஒரு மூலையும் இருக்கிறது. அவர்கள்தான் இதற்கு வாடிக்கையாளர்கள். பொம்மைக் கடை, எலெக்ட்ரானிக்ஸ் கடை, மரச்சாமான் கடை என்று மூன்று வகைக் கடைக்காரர்களும் இந்தச் சரக்கைத் தொட வாய்ப்பு இருப்பதால் நம் இதழில் எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2021 தீபாவளிக்கு முன்பு ஒரு வெளியூர் சப்ளையர் எனக்கு 60 பெட்டி கொடுத்தார். ஆளுயரக் கேபினட் அல்ல. மேசை மேல் வைத்து டி.வி.யில் இணைக்கிற பலகை மட்டும். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 10,000 விளையாட்டு என்று போட்டிருந்தது. இரண்டு கைப்பிடி, பதினாறு பட்டன், உள்ளே ஒரு மெமரி கார்டு. பார்க்க லட்சணமாக இருந்தது. எண்ணைப் பார்த்தேனே தவிர உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை. அரிசி மூட்டை வாங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்கிறவன், இதில் ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை.

தீபாவளி வாரத்தில் 38 பெட்டி சில்லறைக் கடைகளுக்குப் போயிற்று. பொங்கலுக்குள் 17 திரும்பி வந்துவிட்டது. ஒருவர் பாதி விளையாட்டு கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது என்றார். மற்றொருவர் ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது என்றார். கரண்ட் போய் வந்ததும் பெட்டியே செத்துவிட்டது என்று இரண்டு பேர். எனக்கு மறக்காதது தென்காசிப் பக்கத்துக் கடைக்காரர் போனில் சொன்னதுதான்: "அண்ணாச்சி, வாங்கிட்டுப் போனவர் வீட்ல பத்து நாள்தான் ஆடினாங்களாம். அப்புறம் எதை ஆடறதுன்னே தெரியலேன்னு மூலையில போட்டுட்டாங்களாம்." பெட்டி கெடவில்லை, ஆனாலும் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதற்கு என்ன ரிட்டன் காரணம் எழுதுவது என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டார்.

நமக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1990-களில் டி.வி. கேம் வந்ததே, நினைவிருக்கிறதா? மஞ்சள் கலர் கேசட் செருகுவது. அதன் மேல் 9999 விளையாட்டு என்று அச்சிட்டிருக்கும். நானே அந்தக் கேசட்டை டஜன் டஜனாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுதான் வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்தில் ஆரம்பித்து ஓடிக்கொண்டிருக்கும். அன்று சின்னப் பிள்ளைகள் ஏமாந்தார்கள். சண்டை போடத் தெரியாமல் அதையே ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்று அதே பிள்ளைகள் வளர்ந்து வந்து, கிரெடிட் கார்டில் பணம் கட்டி, அதே எண்ணை இன்னும் ஒரு சைபர் கூட்டிக் கேட்கிறார்கள். நாமும் அதே பதிலைச் சொல்லி விற்கிறோம்.

திரும்பி வந்த பெட்டிகளை என் தம்பி மகனிடம் கொடுத்தேன். அவன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய கேபினட்டில் ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டுதான். 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கொண்டுவந்தது. அதன் திரை கறுப்பு வெள்ளைதான். கண்ணாடியில் கலர் செலோஃபேன் பட்டை ஒட்டித்தான் பச்சையும் சிவப்பும் காட்டினார்கள். சிக்கனம் தெரிந்த வியாபாரிகள். 1980-ல் நாம்கோவின் பேக்மேன், 1981-ல் நின்டெண்டோவின் டாங்கி காங், 1991-ல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்று வரிசையாக வந்தன. விளையாட்டை மாற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வயரிங் என்று இருந்ததை, 1980-களின் நடுவில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ஒன்று கூடி 56 பின் உள்ள ஒரே இணைப்பாக ஆக்கிற்று. ஜாமா என்பது அந்தச் சங்கத்தின் பெயர்; இணைப்புக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. சங்கம் என்றால் இப்படி ஒரு காரியமாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். (நம் செயலாளர் கோபிக்க மாட்டார்.)

1997-ல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் மேம் என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய போர்டுகள் செய்த வேலையைச் சாதாரணக் கம்ப்யூட்டரைச் செய்யவைப்பது அது. போர்டுகள் துருப்பிடித்துக் குப்பைக்குப் போவதற்குள் அவை எப்படி வேலை செய்தன என்பதைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் நோக்கம். அப்படிக் காப்பாற்றும் வேலையில் நல்ல விளையாட்டு, கெட்ட விளையாட்டு என்று பார்க்க மாட்டார்கள். நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இருப்பதுபோல எல்லாம் இருக்கும். அந்த நூலகத்தை அப்படியே அள்ளிக் கார்டில் கொட்டி 10,000 என்று எண் போட்டு விற்பவர்கள் வேறு ஆட்கள்.

என் பெட்டியில் இருந்த 10,000-த்தைத் தம்பி மகன் பிரித்தான். ஒரே விளையாட்டு ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, போலிக்காரன் செய்தது நான்கு என்று தனித்தனி வரியாக இருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் மட்டுமே பக்கம் பக்கமாக வந்தது. மாஜாங் என்ற சீட்டாட்டம் போன்ற விளையாட்டுகள் ஏராளம். அவற்றுக்கு டைப்ரைட்டர் போல எழுத்துப் பட்டன் வரிசை வேண்டும், நம் பெட்டியில் அது இல்லை. ஜப்பானிய மொழியில் கேள்வி பதில் விளையாட்டுகள் இருந்தன. சூதாட்ட மெஷின்களும் இருந்தன. அதைப் பிள்ளைகள் அறையில் வைக்கிறோம் என்று விற்ற நமக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 1980-ல் வந்த மிசைல் கமாண்டுக்கு உருட்டுகிற பந்து வேண்டும். 1986-ல் வந்த ஆர்கனாய்டுக்குத் திருகுகிற குமிழ் வேண்டும். அதே ஆண்டு வந்த அவுட் ரன்னுக்கு ஸ்டியரிங் வேண்டும். கைப்பிடியை வைத்து அவற்றை ஆடுவது அரிவாள்மனையில் தலை சீவுவது போலத்தான்.

கறுப்புத் திரைக்கும் காரணம் தெரிந்தது. மேம் மென்பொருளுக்கு அடிக்கடி புதிய பதிப்பு வரும். பழைய சிப்பைத் திரும்பச் சரியாகப் படித்தால் விளையாட்டுக் கோப்பும் மாறும். ஒரு பதிப்புக்கு எடுத்த கோப்பு மற்றொரு பதிப்பில் ஓடவேண்டும் என்பதில்லை. நியோ ஜியோ என்ற வகை விளையாட்டுகளுக்குத் தனியாக ஒரு பொதுக் கோப்பும் கூடவே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வரிசை முழுவதும் நின்றுபோகும். "பெரியப்பா, இது கெட்ட சரக்கு இல்ல, லாட் மாறிப்போன சரக்கு" என்றான். டப்பா ஒரு லாட், மூடி ஒரு லாட் என்றால் எப்படி மூடும்? ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது என்ற புகாருக்குக் காரணம் இன்னும் வேடிக்கை. உண்மையான மெஷினில் காசு போட்டால்தான் ஆட்டம் தொடங்கும். இதில் காசு போட்டதாக ஒரு பட்டனை அமுக்க வேண்டும். எந்தப் பட்டன் என்று அட்டையில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நிற்க. இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒரு கேபினட்டை முறையாகச் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். எங்கள் ஆசாரி 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கூடு செய்து கொடுத்தார். எனக்கு ஏற்ற உயரத்தில் பலகை வைத்தால் பேத்திக்கு எட்டவில்லை. ஒரு முக்காலி சேர்த்துக்கொண்டோம். கூடு செய்யும் முன்பே தீர்மானிக்க வேண்டியது திரை படுக்கையா நிமிர்ந்ததா என்பது. பேக்மேன், கேலகா, டாங்கி காங் எல்லாம் நிமிர்ந்த திரைக்குச் செய்யப்பட்டவை. ஸ்ட்ரீட் ஃபைட்டரும் மெட்டல் ஸ்லக்கும் படுக்கைத் திரைக்கு. இன்றைய அகல டி.வி.யில் நிமிர்ந்த விளையாட்டைப் போட்டால் நடுவில் ரிப்பன் அகலத்துக்குத் தெரியும். அது பிடிக்கவில்லை என்று இழுத்து நிரப்பினால் பேக்மேன் பூசணிக்காய் போல ஆகிவிடுகிறது. ஆபீசில் கழித்துப்போட்ட 19 அங்குலப் பழைய மானிட்டர்கள் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கின்றன அல்லவா, அவைதான் இதற்குப் பொருத்தம். செகண்ட் ஹேண்டில் மலிவாகவும் கிடைக்கின்றன. புது டி.வி.யே போட்டால், படத்தை அழகுபடுத்துவதற்காக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பட்டன் அமுக்கியதும் ஆள் குதிப்பதும் ஒன்றாக வராது. அதற்கென்று டி.வி.யில் கேம் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. சாதாரணமாகக் கிடைப்பது எட்டுத் திசையிலும் சாயும். பேக்மேனுக்கு நான்கு திசை மட்டும்தான். எட்டுத் திசைக் கைப்பிடியில் மூலை திரும்பும்போது கை லேசாகக் குறுக்கே போனால் பேக்மேன் தயங்கி நின்றுவிடும். பேய் வந்து பிடித்துவிடும். என் பேத்தி தனக்கு ஆடத் தெரியவில்லை என்று அழுதாள். தப்பு அவளிடம் இல்லை. கைப்பிடியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பிப் போட்டால் நான்கு திசையாக மாறிவிடுகிற வகை உண்டு. அதை மாற்றிய அன்று சாயங்காலமே அவள் மூன்றாவது கட்டத்துக்குப் போனாள். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைத்தான் வாடிக்கையாளருக்கு நாம் விற்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றிற்று.

விளையாட்டுக்கு வருவோம். 10,000-ல் இருந்து குறைத்துக்கொண்டே வந்து 24-ல் நிறுத்தினோம். பேத்திக்கு எட்டு, பேரனுக்கு எட்டு, பெரியவர்களுக்கு எட்டு. ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் ஆடிப் பார்த்தோம். பட்டன்களுக்கு எந்த விளையாட்டில் என்ன வேலை என்பதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டினோம். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பட்டன் வேண்டும். கேலகாவுக்கு ஒன்று போதும். பழைய பேக்மேனில் மெஷினை அணைத்தால் அதிகபட்சப் பாயிண்ட் அழிந்துபோகும். மறுநாள் காலையில் தன் பாயிண்ட் காணவில்லை என்று பேரன் பெரிய வழக்கே வைத்துவிட்டான். மேமில் அதைச் சேமித்து வைக்க ஒரு சிறு இணைப்பு இருக்கிறது. அதை ஓட விட்டதும் வழக்கு முடிந்தது. காசுப் பட்டனுக்கும் ஒரு வீட்டுச் சட்டம் போட்டோம்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று காசு. எத்தனை தடவை வேண்டுமானாலும் காசு போடலாம் என்றிருந்தபோது பத்து நிமிடத்தில் சலித்துப்போனவர்கள், மூன்றே காசு என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். சின்ன கம்ப்யூட்டர் போர்டு வைத்தால் கரண்ட் போகும்போது கார்டில் உள்ளது கெட்டுப்போவதுண்டு. முறையாக அணைக்க ஒரு பட்டனும், சிறிய யு.பி.எஸ். ஒன்றும் வைத்துவிட்டோம். என்னிடம் திரும்பி வந்த இரண்டு செத்த பெட்டிகளுக்கும் அதுதான் வியாதி.

இனி சங்கடமான பகுதிக்கு வருகிறேன். இந்த விளையாட்டுகள் யாருடைய சரக்கு? மரம் ஆசாரியிடம் வாங்கியது; பில் இருக்கிறது. மானிட்டர், கைப்பிடி, பட்டன் எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. மேம் 2016-ல் இருந்து திறந்த மென்பொருளாக இருக்கிறது. அதை வைத்திருப்பதில் குற்றமில்லை. ஆனால் பேக்மேனும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் அவரவர் கம்பெனியின் சொத்து. பழசு என்பதால் பொதுச் சொத்து ஆகிவிடவில்லை. 1980-ல் வந்ததற்குக்கூட இன்னும் காலம் முடியவில்லை. என்னிடம் வந்த 60 பெட்டியின் கார்டில் இருந்த எதற்கும் எந்தக் கம்பெனியின் அனுமதியும் கிடையாது. சப்ளையர் பில்லில் "விளையாட்டுச் சாதனம்" என்று மட்டும் போட்டிருந்தார்.

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதது என்றால் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. கடை போட்டு விற்கிற நமக்கு அந்த விலக்கு எப்படிக் கிடைக்கும்? 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவுக் குற்றம் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடியது, எளிதில் ஜாமீன் கிடைக்காத வகையைச் சேர்ந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. தெரிந்தே திருட்டு மென்பொருளை உபயோகிப்பவருக்கும் 63-பி பிரிவு தனியாக இருக்கிறது. நம்மை நம்பிப் பணம் கொடுத்த வாடிக்கையாளரையும் சேர்த்து அல்லவா இழுத்து விடுகிறோம்?

இன்னொன்று. மத்திய அரசு 2012-ல் எலெக்ட்ரானிக் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை கொண்டுவந்தபோது முதல் பட்டியலிலேயே வீடியோ கேம் சாதனத்தையும் சேர்த்துவிட்டது. பெட்டியில் ஐ.எஸ். எண்ணும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். என் 60 பெட்டியில் ஒன்றில்கூட அது இல்லை. தேடிப் பார்த்தது சரக்கு திரும்பி வந்த பிறகு. கொள்முதல் செய்யும்போது பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க வேண்டாம்.

சங்கக் கட்டடத்தில் டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். ஒரு நண்பர், நீங்கள் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார், ஆன்லைனில் ஒரு லட்சம் விளையாட்டு என்றே விற்கிறார்கள் என்றார். உண்மைதான். எண்ணில் ஆன்லைன்காரரோடு நாம் போட்டி போட முடியாது. போட்டி போடவும் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. மற்றொரு நண்பர் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பல பழைய விளையாட்டுகளை அந்தக் கம்பெனிகளே இன்று விற்பதில்லை, சில கம்பெனிகளே இல்லை, அப்படியிருக்க யாருக்கு நஷ்டம் என்றார். நியாயமான கேள்வி. மேம்காரர்கள் காப்பாற்றி வைக்காவிட்டால் அவற்றில் பல அழிந்தே போயிருக்கும். தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் பழைய விளையாட்டு ஒன்றைத் தேடி ஆடுவதையும், அதே விளையாட்டைக் கார்டில் அள்ளிப்போட்டு நான் காசு வாங்குவதையும் சட்டம் எப்படிப் பார்த்தாலும் என் மனம் ஒன்றாகப் பார்க்கவில்லை. காப்பாற்றியவர்களும் காசுக்காகச் செய்யவில்லை. மேம் 2016 வரை வியாபாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அதுபோன்ற ஃபைனல்பர்ன் நியோ என்ற மென்பொருளுக்கு இன்றும் அந்த நிபந்தனை இருக்கிறது. கார்டில் அதைப் போட்டு விற்பவர் விளையாட்டுக் கம்பெனியையும் ஏமாற்றுகிறார், இலவசமாக உழைத்தவர்களையும் ஏமாற்றுகிறார்.

சரி, நேர்வழியில் ஒரு தொகுப்பு அமைக்க முடியுமா? முடியும், எங்கள் வீட்டுப் பெட்டியில் இப்போது இருப்பது அதுதான். முதலில் வைத்திருந்த 24-ஐயும் நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். தம்பி மகனுக்குக் கொஞ்சம் வருத்தம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைக் கூட்டுக்குள் வைத்தோம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் கட்டி வாங்கினோம். கேப்காம் 2021-ல் வெளியிட்ட ஆர்கேட் ஸ்டேடியம் என்ற தொகுப்பில் 32 விளையாட்டு. 2022-ல் வந்த பேக்மேன் மியூசியம் பிளஸ் தொகுப்பில் 14. மெட்டல் ஸ்லக் தனியாகக் கிடைக்கிறது. அடிக்கடி தள்ளுபடி போடுகிறார்கள், காத்திருந்து வாங்கலாம். இவை தவிர, உரிமையாளர்களே வீட்டு உபயோகத்துக்கு இலவசமாக அனுமதித்த சில பழைய விளையாட்டுகளை மேம்காரர்கள் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். 1981-ல் வந்த ராபி ரோட்டோ அதில் ஒன்று. மொத்தம் ஐம்பது சொச்சம். அதிலும் தினம் ஆடுவது பத்துக்கு மேல் இல்லை.

இதில் கடைக்காரர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் உண்டு. இலவசம் என்பது வீட்டுக்காரருக்குத்தான். நாம் அதைப் பெட்டியில் ஏற்றி விற்றால் அதுவும் தப்பு. ஸ்டீமில் கணக்கு வாடிக்கையாளர் பெயரில், அவர் போனில், அவர் பணத்தில் திறக்க வேண்டும். நம் கணக்கில் வாங்கி அவருக்கு விற்கக் கூடாது. கடை வாசலில் பெட்டியை வைத்துக் காசுக்கு ஆட விடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். வீடியோ கேம் கூடங்களுக்கு உரிமம் வேண்டும் என்பதை 1995-லேயே கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது வேறு தொழில், வேறு அலைச்சல்.

அப்படியானால் நமக்கு வியாபாரம் எங்கே இருக்கிறது? கூட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டு மூலையை அளந்து, அவர் என்ன ஆடுவார் என்று கேட்டு, திரையை நிறுத்துவதா படுக்கவைப்பதா என்று சொல்லி, கைப்பிடியின் தகட்டைத் திருப்பி, காசுப் பட்டனைக் காட்டிக்கொடுத்து, அவர் வாங்கிய விளையாட்டை அவர் கணக்கில் ஏற்றி வைக்கிற வேலையில் இருக்கிறது. அதற்கு அமைப்புக் கூலி என்று தனியாகப் பில்லில் போடலாம். நான் போடுகிறேன், ஒருவரும் மறுக்கவில்லை. பிறகு பட்டன் இருக்கிறது. அடியில் உள்ள மைக்ரோ சுவிட்ச் தேயும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுகிற வீட்டில் சீக்கிரமே தேயும். கார்டு விற்றால் ஒரு தடவைதான். சுவிட்சுக்கு அவர் திரும்ப நம் கடைக்கே வருவார். ஆன்லைனில் ஒரு லட்சம் விளையாட்டு விற்றவர் வந்து சுவிட்ச் மாற்றிக் கொடுக்கப்போவதில்லை.

என் 60 பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திரும்பி வந்த 17-க்கும் முழுப் பணம் கொடுத்தேன். சப்ளையர் பாதியை ஒத்துக்கொண்டார்; மீதி என் தலையில். விற்காமல் இருந்த 22-ஐயும் சேர்த்து 39 பெட்டியையும் பிரித்து, கார்டுகளை உடைத்துப்போட்டேன். கைப்பிடி, பட்டன்களைக் கழற்றி உதிரி பாகமாக விலை போட்டு விற்றேன். பெரும்பகுதி போய்விட்டது. பலகைகள் மட்டும் குடோனில் கிடக்கின்றன.

வீட்டுக் கேபினட் விற்கும் உறுப்பினர்கள் பில்லிலும் பெட்டியின் மேலும் "விளையாட்டுகள் சேர்க்கப்படவில்லை" என்று அச்சிட வேண்டும். பதிவு எண் இல்லாத பெட்டியைக் கொள்முதல் செய்யக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்த செயற்குழுவில் பேசும் பொருளாக வைக்கும்படி செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கைவசம் ஏற்றிய கார்டு சரக்கு வைத்திருக்கும் நண்பர்கள் அன்று வந்து தங்கள் கருத்தையும் சொல்ல வேண்டுகிறேன். நான்கு திசைத் தகடு எப்படித் திருப்புவது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை என் வீட்டுக்கு வரலாம், பேத்தி காட்டுவாள்.